நாவலடி மடுவை இறைத்த நாள்

இன்று காலை பக்கத்து மனையில் டிப்பர் லாரியில் மண் கொட்டினார்கள். வீடு கட்டப் போகிறவர்கள் பள்ளத்தை மேடாக்க வாங்கிய மண். ஜன்னலைத் திறந்ததும் வாடை வந்தது. செம்மண்ணுக்கு அந்த வாடை கிடையாது. அழுகிய கோரை, நத்தை, பழைய தண்ணீர் எல்லாம் சேர்ந்த கறுப்பு வண்டலின் வாடை. எழுந்து போய்ப் பார்த்தேன். குவியலில் மட்டி ஓடுகள் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தன. ஓர் ஆரால் மீன் பாதி புதைந்து, காய்ந்து, கயிறுபோலக் கிடந்தது. எந்த வாய்க்கால் மண் என்று டிரைவரைக் கேட்டேன். "எல்லா வாய்க்கால்லயும்தான் சார் வேலை நடந்துச்சு. எதுன்னு சொல்றது?" என்றார்.

இந்த வாடை மே மாதம் முழுக்க உங்கள் ஜீப்பில் இருக்கும். பின் இருக்கையில் ஒரு பழைய கைலி மடித்துக் கிடக்கும். அதைக் கட்டிக்கொண்டு நீங்கள் சேற்றில் இறங்குவீர்கள்; கான்ட்ராக்டர் குடையோடு கரையில் நிற்பார். நோன்பு மாதம் கோடையில் வந்த வருஷங்களில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் உங்கள் உதடு வெடித்திருக்கும். "வேலை பார்க்கறது தண்ணி டிபார்ட்மென்ட். வாய் நனைக்க வழியில்ல பாருங்க" என்று சிரிப்பீர்கள்.

ஐப்பசி மழையில் அதிராம்பட்டினத்தில் உங்களை அடக்கம் செய்தார்கள். தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துபாயிலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் உங்களைப் பத்தி நிறையச் சொல்வாங்க" என்றார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு செய்தி இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் "ஒரு மடுதானே" என்பார்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதும் அந்த மடுவின் கரையில்தான். குடமுருட்டியிலிருந்து பிரிந்து போகும் அந்த வாய்க்கால் அப்போது உங்கள் பிரிவில் இருந்தது. நீங்கள் உதவிப் பொறியாளர். வாய்க்காலின் கடைசிப் பாசனக்காரர்களான கடைமடை விவசாயிகள் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தார்கள். மேலும் கீழும் தூர்வாரிவிட்டு, நாவல் மரத்தடியில் இருக்கும் மடுவை மட்டும் விட்டுவிட்டார்களாம், வடகரையில் மண்வெட்டிகூடப் படவில்லையாம். ஊழல் செய்தி என்று நினைத்துத்தான் வந்தேன்.

"வாங்க பத்திரிகை. இன்னைக்கு யாரைக் கவுக்கறதா உத்தேசம்?" என்றீர்கள். கடைசிவரை நீங்கள் என் பெயரைச் சொல்லி அழைக்கவில்லை.

கடைமடைக்காரர்களுக்கு முன்னால் நின்றவர் கோவிந்தராசு. "பேச்சை மாத்தாதீங்க சார். இந்தக் கரைய ஏன் வெட்டல? குருவி கூடு கட்டியிருக்காம், அதுக்காக நிறுத்தி வச்சிருக்காராம். எங்க நாத்து காஞ்சா குருவி வந்து தண்ணி ஊத்துமா?"

"குருவியா? எங்கய்யா குருவி? அது அளவுத் திட்டு. செயற்பொறியாளர் வந்து அளந்துட்டுப் போற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

மண் வெட்டும் வேலையில் ஆங்காங்கே ஒரு திட்டை வெட்டாமல் விடுவார்கள். அதன் தலைமட்டத்தை வைத்துத்தான் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது என்று அதிகாரிகள் அளப்பார்கள். அளந்து முடிந்ததும் அதையும் வெட்டிவிடுவார்கள். உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. விளக்காமல் எழுதிப் பழக்கமில்லை எனக்கு. சாதாரணமாக அந்தத் திட்டு ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு இருக்கும். நீங்கள் விட்டிருந்தது ஒரு டவுன் பஸ் நீளம்.

"இவ்வளவு நீளத்துக்கா திட்டு விடுவாங்க?" என்றார் கோவிந்தராசு.

"துல்லியமா அளக்கணும்ல."

கோபத்தோடு வந்த கூட்டம் சிரித்துவிட்டது. கோவிந்தராசுவும் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார். எல்லோரும் போன பிறகு வடகரைக்கு எதிரே என்னை உட்காரவைத்தீர்கள். செங்குத்தான மண்சுவர் முழுக்கப் பொந்துகள். பச்சை நிறப் பஞ்சுருட்டான்கள் வாயில் தும்பியோடு உள்ளே போவதும் வெறும் வாயோடு வெளியே வருவதுமாக இருந்தன. "பறக்கட்டும். அப்புறம் அளந்துக்கலாம்" என்றீர்கள். செயற்பொறியாளரின் வருகை வாரா வாரம் தள்ளிப்போனது. ஒரு தடவை ஜீப் ரிப்பேர், ஒரு தடவை மந்திரி வருகை, ஒரு தடவை காரணமே இல்லை. குஞ்சுகள் பறந்த பின் அவர் வந்து அளந்தார். அதன்பின் கரையை வெட்டினீர்கள். நான் ஊழல் செய்தி எழுதவில்லை. எழுத ஊழல் இல்லை.

பறவையைவிட மீன்தான் உங்களுக்குப் பெரிய கவலை. அதற்கு அளவுத் திட்டு உதவாது. மேட்டூர் திறந்து தண்ணீர் வருமுன் தூர்வாரியாக வேண்டும். வாய்க்கால் காய்ந்து கிடந்தால்தான் எந்திரம் இறங்க முடியும். ஆகவே எல்லாத் தூர்வாரலும் ஏப்ரல், மே மாதங்களில். அந்த மாதங்களில்தான் வாய்க்கால் முழுவதும் இருந்த விரால், குரவை, கெளுத்தி எல்லாம் தண்ணீர் சுருங்கச் சுருங்க நகர்ந்து வந்து ஒரே ஒரு மடுவில் ஒண்டியிருக்கும். ஆறு வற்றினாலும் நாவலடி மடுவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அடியில் ஊற்று. "இந்த வாய்க்காலுக்கு விதைநெல்லு இங்கதான் கிடக்கு. நாம கரெக்டா இந்த நேரத்துலதான் ஹிட்டாச்சியோட வர்றோம்" என்பீர்கள். ஜூனில் தண்ணீர் வந்ததும் இங்கிருந்துதான் அவை கிளை வாய்க்கால்களுக்கும் வயலுக்கும் ஏறும். அறுப்புக்கு முன் வயலை வடிக்கும்போது வரப்பு மடையில் கூடை வைத்துப் பிடிக்கும் மீன் அத்தனையும் இந்த மடுவின் வாரிசு.

தூர்வாரலை நீங்கள் எதிர்த்தவரில்லை. வண்டல் அடைத்தால் கடைமடை காயும் என்று கோவிந்தராசுவைவிட உரக்கச் சொன்னவர் நீங்கள். உங்களுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் இடம். அதைக் காகிதத்தில் ஏற்ற வழியில்லை. "தோண்டறதுக்கு எஸ்டிமேட்ல ஐட்டம் இருக்கு. தோண்டாம விடறதுக்கு ஐட்டம் இல்ல" என்று ஒரு நாள் டீக்கடையில் சொன்னீர்கள். அதை அப்படியே தலைப்பாகப் போடலாம் என்றேன். "போடுங்க. மறுநாள் எனக்கு ராமநாதபுரத்துக்கு ஆர்டர் வரும். அங்க வாய்க்காலே இல்ல, நிம்மதியா இருப்பேன்" என்றீர்கள். போடவில்லை.

பிறகு ஒரு வருஷம், மடுவையும் சேர்த்து அடிவரை வெட்டியாக வேண்டும் என்று மேலிருந்து கண்டிப்பான உத்தரவு. மீனை ஊர்க் குளத்துக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தீர்கள். கோவிந்தராசு தன் குட்டியானை வண்டியில் நீல டிரம்களை ஏற்றிக்கொண்டு வந்தார். திட்டிக்கொண்டேதான் வந்தார். "நாத்தங்கால் வேலைய விட்டுட்டு மீனுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டறேன். வெளிய சொல்லிடாதீங்க சார், எனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க." அவருக்கு அப்போதே பேரன் இருந்தான்.

முதலில் பெரிய விரால்களைத் தூக்கினோம். அதுதான் எல்லோருக்கும் தோன்றும். சந்தையில் விலை போவது பெரிய மீன். காப்பாற்றவும் பெரிய மீனைத்தான் கை தேடும். கிழக்கு மூலையில் பார்ப்பு மிதந்துகொண்டிருந்தது. விரால் குஞ்சுக் கூட்டத்தை இங்கே பார்ப்பு என்பார்கள். தண்ணீர்மேல் குங்குமத்தைக் கொட்டியதுபோல ஒரே சிவப்பாக இருக்கும். கொசுவலை கொண்டுவந்து அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டோம். கீழே காவல் இருந்த தாயையும் தகப்பனையும் ஏற்கெனவே டிரம்மில் போட்டிருந்தோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வலையோடு திரும்பி வந்தபோது தண்ணீர்மேல் சிவப்பு இல்லை. குரவைகள் மேலே வந்து வந்து போயின. கொக்குகள் ஓரமாகச் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன.

நீங்கள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. நனையாத கொசுவலையை மடித்தீர்கள், பிரித்து மறுபடி மடித்தீர்கள். "பெருசுங்களத் தூக்கிட்டு சிறுசுங்கள விட்டுட்டோம்ல" என்றீர்கள்.

மறு வருஷத்திலிருந்து உங்கள் முறை மாறியது. மடுவின் நடுவே மண்மூட்டைகளை அடுக்கித் தடுப்பு கட்டுவீர்கள். இந்தக் கோடையில் மேற்குப் பாதியை மட்டும் இறைத்து வண்டல் எடுப்பது, கிழக்குப் பாதியைத் தொடாமல் விடுவது. அடுத்த கோடையில் மாற்றி. பார்ப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் கடைசி நாள்வரை எந்திரம் இறங்காது. கான்ட்ராக்டர்கள் முணுமுணுத்தார்கள். கோவிந்தராசு கிண்டல் செய்தார்: "பாகப்பிரிவினை முடிஞ்சுதா சார்? மேற்கு யாருக்கு, கிழக்கு யாருக்கு?" ஆனால் மண்மூட்டை அடுக்க முதல் ஆளாக இறங்குவதும் அவர்தான். இரண்டு பாதியும் ஆழமாயின, கடைமடைக்கும் தண்ணீர் போனது, மீனும் இருந்தது. நீங்கள் ஓய்வு பெற்ற பின்பும் கொஞ்ச காலம் அது நடந்தது. மேஸ்திரிகளுக்குப் பழகிப்போயிருந்தது.

இனி சென்ற மாதத்துச் செய்தி.

காலையில் கோவிந்தராசு அழைத்தார். "சார், நாவலடி மடுவ இறைக்கிறாங்க. மூணு இன்ஜின் ஓடுது. பாய் இருந்தா அவருக்குத்தான் பண்ணியிருப்பேன். இப்ப உங்க நம்பர்தான் ஞாபகம் வந்துச்சு."

போனேன். வாய்க்காலை அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் போட்டுச் சீரமைக்கிறார்கள். மேலே பாதி தூரம் முடிந்துவிட்டது. வெள்ளைவெளேரென்று, வளைவு நெளிவில்லாமல், இரண்டு பக்கமும் ஒரே சரிவு. ஒரு தவளை கீழே விழுந்து ஏறத் தெரியாமல் சரிவில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. சைட் சூப்பர்வைசர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தார். "பத்திரிகையா சார்? நல்லா எழுதுங்க சார். ஸ்பீடா போயிட்டிருக்கு."

மடுவில் தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியிருந்தது. மீன்கள் துள்ளும் சத்தம் இன்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. கரையில் ஊரே கூடையோடு நின்றது. கிழக்கு மூலையில், கோரைக்குப் பக்கத்தில், பார்ப்பு. நல்ல சிவப்பு.

கோவிந்தராசு பக்கத்தில் வந்து நின்றார். அவரே பேசினார். "கான்கிரீட் வேணாம்னு நான் சொல்லல சார். போன வருஷம் தண்ணி கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள நாத்து செம்பட்டையாயிடுச்சு. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்ததே நான்தான். வாய்க்கால்னா வாய்க்கால மட்டும் போடுவாங்கன்னு நெனச்சேன். மடுவையும் மூடுவாங்கன்னு யாரும் சொல்லலியே." மடுவும் வாய்க்காலில்தானே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியாமலில்லை. நாற்று கருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் மனு எழுதும்போது விராலை எங்கே நினைப்பார்?

இப்போது உங்கள் இடத்தில் இருப்பவர் ஓர் இளம்பெண். போன் செய்ததும் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். உங்களைச் சொன்னேன். "நான் பார்த்ததில்ல சார். ஆபீஸ்ல சொல்வாங்க, குருவித் திட்டு சார்னு" என்றார். உங்கள் பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பாதிப் பாதியாக வெட்டும் முறையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது மண் வாய்க்காலுக்குச் சரி சார். இதுல அடி ஒரே மட்டமா இருக்கணும். மடுவ விட்டா தளம் உக்காந்துடும். மணல் ரொப்பித்தான் ஆகணும்."

"மீனுக்கு எஸ்டிமேட்ல ஏதாவது இருக்கா மேடம்?"

"மரத்துக்கு இருக்கு சார். வெட்டினா வேற நடணும். மீனுக்கு இல்ல." சூப்பர்வைசரைக் கைகாட்டி அழைத்தார். "சாயங்காலம் வரைக்கும் இன்ஜின நிறுத்தச் சொல்றேன். தண்ணி திறக்கறதுக்குள்ள கான்கிரீட் இறுகணும். அதுக்கு மேல என்னால முடியாது சார்."

அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்பது வருஷமாக யாரையாவது குறை சொல்லித்தான் செய்தி எழுதியிருக்கிறேன். அன்று சூப்பர்வைசர் முதற்கொண்டு எல்லோரிடமும் நியாயம் இருந்தது.

இறங்கினோம். இந்தத் தடவை பார்ப்பைத்தான் முதலில் எடுத்தோம். கொசுவலையின் நான்கு முனைகளைப் பிடித்துக் கீழிருந்து தூக்கினார் கோவிந்தராசு. தாய் அவர் முழங்காலில் வந்து இடித்தது. இரண்டு தடவை. மூன்றாவது தடவை கையோடு அள்ளினார். தகப்பனைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. மூன்று தரப்பையும் ஒரே டிரம்மில் விட்டோம். கரையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "எல்லாத்தையும் காப்பாத்தி என்னண்ணே பண்ணப் போற? எங்க வீட்டுக்கு ரெண்டு குடு, குழம்புல பத்திரமா வச்சுக்கறேன்."

"பார்ப்போட இருக்கறத மட்டும் தொடாதம்மா. மத்தத எடுத்துக்க" என்றார் கோவிந்தராசு.

டிரம் நிறைந்த பிறகுதான் எங்கே கொண்டுபோவது என்று யோசித்தோம். ஊர்க் குளம் இப்போது மீன் வளர்ப்புக்கு ஏலம் போயிருக்கிறது. ஏலம் எடுத்தவர் போனில் சொன்னார்: "கட்லா, ரோகு குஞ்சு விட்டிருக்கேன் சார். விரால விட்டா அத்தனையும் அதுக்குத்தான் டிபன். நீங்களே சொல்லுங்க, விடுவீங்களா?" விடமாட்டேன். கோயில் குளத்தில் படிக்கட்டு வேலை, தண்ணீர் இல்லை. கொள்ளிடத்தில் மணல்மேல் கணுக்கால் தண்ணீர் ஓடுகிறது. பார்ப்பு ஒதுங்க ஒரு புல் கிடையாது, வலைக்காரர்கள் கரையிலேயே இருக்கிறார்கள். முன்பெல்லாம் கேட்டால் இரண்டு மூன்று மடுக்களின் பெயர் சொல்வீர்கள். கோவிந்தராசு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றில் கான்கிரீட் போட்டாகிவிட்டது, ஒன்றில் அளந்து முளைக்குச்சி அடித்திருக்கிறார்கள், ஒன்று வற்றிவிட்டது.

கடைசியில் அவருடைய பம்புசெட் தொட்டியில் விட்டோம். சிமென்ட் தொட்டி. நிழலுக்குத் தென்னை மட்டையைப் போட்டு, கொஞ்சம் கோரையும் பிடுங்கிப் போட்டார். தாய் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்ப்புக்கு அடியில் வந்து நின்றது.

சாயங்காலம் இன்ஜினை மறுபடி போட்டார்கள். நான் கரையிலேயே நின்றேன். தண்ணீர் முழுதும் வற்றியதும் சேற்றுக்குள் இருந்தவை நெளிய ஆரம்பித்தன. ஆரால், கெளுத்திக் குஞ்சு, பெயர் தெரியாத பொடிகள். அவற்றை எடுக்கக் கையும் இல்லை, பாத்திரமும் இல்லை. ஹிட்டாச்சி இறங்கி அந்தச் சேற்றை அள்ளி டிப்பரில் போட்டது. அலுவலகத்துக்கு வந்து செய்தி எழுத உட்கார்ந்தேன். யார் தவறு செய்தார்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டது. வாய்க்கால் பணி தீவிரம் என்று வேறு நிருபர் அனுப்பிய படச்செய்தி மறுநாள் வந்தது. நல்ல படம்.

இப்போது கல்லணை திறந்தாகிவிட்டது. புது வாய்க்காலில் தண்ணீர் வேகமாகப் போகிறது. கடைமடைக்கு இந்த வருஷம் முதல் முறையிலேயே வந்து சேர்ந்துவிட்டது என்று கோவிந்தராசு சொன்னார். குரலில் சந்தோஷம் இருந்தது, இருக்க வேண்டியதுதான். நாற்று பச்சையாக இருக்கிறதாம்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். எந்தப் பாலத்தைக் கடந்தாலும் வண்டியை நிறுத்தி, எங்கே ஆழம், எங்கே நிழல், எந்தக் கரையில் பொந்து என்று பார்க்கிறேன். திருவையாற்றிலிருந்து கிளம்பி, கிளை கிளையாகப் போய்த் தேடிக்கொண்டிருக்கிறேன். மண் தரையோடு ஒரு மடு, எந்த எஸ்டிமேட்டிலும் வராத ஒரு மடு. கண்ணுக்கு நன்றாக இருக்கும் இடத்தில் எல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சி நிற்கிறது.

நேற்று கோவிந்தராசு அழைத்தார். "பார்ப்பு செவப்பு போயி கருக்க ஆரம்பிச்சிடுச்சு சார். இனிமே தாயும் காவல் இருக்காது. தொட்டில விட்டு வச்சா ஒண்ண ஒண்ணு தின்னும். எங்க சார் விடறது?"

ஆட்சியர் அலுவலகத்தில், நீர்வளத் துறையில், தாலுகா ஆபீஸில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்விக்கு எனக்கு ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுச் செய்தியை முடித்திருக்கிறேன். மறுமுனையில் தொட்டிக்குள் குழாய் கொட்டும் சத்தம் கேட்டது.

"பார்க்கிறேன்" என்றேன்.